வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கும்போது வளர்ந்த நாய் ஒன்றை எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கோலாலம்பூர் செந்தூலில் டெரஸ் வீடு, அதாவது வரிசை வீடு. ஒன்பது வயது ராணி பெட்டை, மூன்று வயது டைகர் கருத்தடை செய்த ஆண், இரண்டுமே கம்போங் நாய்கள், அதாவது நாட்டு நாய்கள். தெரிந்த குடும்பம் ஒன்று கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) மாறுகிறது, அங்கே நாய் வைக்க விடமாட்டார்கள். அவர்களுடைய நான்கு வயது மிலோவை, அதுவும் பெட்டை, நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். "கேட்டைத் திறந்து உள்ளே விடு, ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானா சரியாயிடும்" என்கிறார் உங்கள் மாமியார். அது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. அவர் சொல்கிற மாதிரி சில வீடுகளில் நடந்திருக்கும். அந்த வீடுகளைப் பற்றித்தான் நாம் கேள்விப்படுவோம். சரிப்படாத வீட்டில் நாயைச் சத்தமில்லாமல் வேறு எங்கோ தள்ளிவிட்டிருப்பார்கள். வளர்ந்த நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் திரும்பி வந்த நாய்களின் கதைதான் என் காதுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் நாள் நன்றாகவே போயிருக்கும். மோந்து பார்த்தன, வாலாட்டின, எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சண்டை வந்தது இரண்டு மூன்று வாரம் கழித்து, கார் போர்ச்சிலோ சமையலறை வாசலிலோ. அதனால் முதல் சந்திப்பை நினைத்து ரொம்பப் பதற வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குள் யார் எங்கே இருப்பது என்பதைத்தான் நீங்கள் யோசித்து வைக்க வேண்டும்.

மிலோவுக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா? நீங்கள் சொல்லவில்லை, உடனே கேளுங்கள். ஒரே வீட்டு நாய்களுக்குள் வரும் சண்டைகளில் பெட்டையும் பெட்டையும் மோதுவதுதான் அதிகம் காயப்படுத்துவது, மறுபடி மறுபடி தொடர்வதும் அதுவே. இரண்டு பெட்டைகள் ஒரே பாயில் தூங்குகிற வீடுகளும் ஏராளம், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மூன்றில் நீங்கள் கண் வைத்திருக்க வேண்டிய ஜோடி ராணியும் மிலோவும்தான். கருத்தடை ஆகாத பெட்டை ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் தாமானில் (குடியிருப்பில்) உள்ள தெருநாயெல்லாம் உங்கள் கேட் வாசலில் கூடும், உள்ளே இருப்பவை மூன்றுக்கும் தலை சூடாகும். முடிந்தால் பழைய வீட்டில் இருக்கும்போதே அறுவையை முடித்து, தையல் ஆறிய பிறகு கூட்டி வாருங்கள்.

அடுத்து லைசன்ஸ். கோலாலம்பூரில் நாய்க்கு மாநகர் மன்ற லைசன்ஸ் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எத்தனை நாய் வைக்கலாம் என்பது வீட்டின் வகையைப் பொறுத்தது. டெரஸ் வீட்டில் மூன்றாவது நாய்க்கு இடம் உண்டா என்பதை மிலோவின் மேல் மனம் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். அது வேறு மன்றம், வேறு விதி.

மிலோவை வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், காட்டாமல் வீட்டுக்குள் விடவே கூடாது. ஊசி கார்டை வாங்கிப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஊசிகள் தேதி தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும், உங்கள் இரண்டுக்கும் அப்படியே. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது என்ன கலவரம் ஆனது என்று நினைவிருக்கும். ரேபிஸ் ஊசி பற்றியும் வெட்டிடம் பேசிவிடுங்கள். நம் ஊரில் இதையெல்லாம் விட அடிக்கடி பார்ப்பது உண்ணிக் காய்ச்சல். உண்ணியோடு வரும் ஒரு நாய் வீட்டையே கெடுத்துவிடும். பழுப்பு நாய் உண்ணி வெளியே புல்லில் மட்டும் இருக்கிற ஜாதி அல்ல. சுவர் விரிசலிலும் கிரில் மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே தலைமுறை நடத்தும். வருவதற்குச் சில நாள் முன்பே உண்ணி மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள். நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று, பிரேவெக்டோ பன்னிரண்டு வாரம் தாங்கும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் வெட்டிடம் கேட்காமல் இரண்டையும் கொடுக்கக் கூடாது. சில சொட்டு ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலையும் இதயப் புழுவையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

பழைய வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நல்ல நாய், யாரையும் கடிக்காது" என்பது பதில் ஆகாது. எலும்பு கொடுத்தால் பக்கத்தில் போக முடியுமா? வேறு நாயோடு இருந்து பழக்கம் உண்டா, அந்த நாய் ஆணா பெண்ணா? இடி இடித்தால் எங்கே போய் ஒளியும்? எந்த மொழியில் கூப்பிடுவார்கள்? சாப்பாடு எத்தனை மணிக்கு, உலர்தீவனமா சோறா? அதே சாப்பாட்டை ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மிலோ படுத்துக்கொள்ளும் துணியைத் துவைக்காமல் முன்கூட்டியே வாங்கி வந்து ராணியும் டைகரும் படுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ராணி, டைகர் படுக்கும் துணி ஒன்று மிலோவிடம் போகட்டும். பார்ப்பதற்கு முன்பே வாசனையில் அறிமுகம் ஆகிவிடும்.

நாளும் பார்த்துக் குறியுங்கள். நல்ல நாள் என்று நான் சொல்வது பஞ்சாங்கத்தில் அல்ல, பட்டாசு இல்லாத வாரத்தில். தீபாவளிக்கு முன்னும் பின்னும் வேண்டாம், சீனப் புத்தாண்டின் பதினைந்து நாளும் வேண்டாம்.

வருகிற அன்று பெரிய ஆபத்து சண்டை அல்ல, ஓட்டம். இடம் மாறிய நாய் பழைய வீட்டைத் தேடி ஓடும். ஆட்டோகேட் திறந்து கார் உள்ளே வருகிற நேரம் போதும், பாய்ந்துவிடும். உங்கள் கைப்பேசி எண் எழுதிய கழுத்துப்பட்டையை முதல் நிமிடமே மாட்டுங்கள், மைக்ரோசிப் போட்டுவிடுங்கள், முதல் மாதம் கேட் திறக்கும்போதெல்லாம் மிலோ கிரில்லுக்கு உள்ளே இருக்கட்டும். பட்டை இல்லாமல் தெருவில் திரியும் நாயை நாய் பிடிக்கிறவர்கள் கொண்டுபோய்விட்டால் தேடி அலைவது பெரும்பாடு.

சரி, சந்திப்பு. உங்கள் வீட்டு வாசலில் வேண்டாம், உங்கள் தெருவிலும் வேண்டாம். ராணியும் டைகரும் தினமும் காலைத் தூக்கிய ஒவ்வொரு கம்பமும் அவர்கள் கணக்கில் அவர்களுடையது. நாலைந்து தெரு தள்ளி, தெருநாய் அதிகம் இல்லாத சாலையாகப் பாருங்கள். பூங்காக்கள் பலவற்றில் நாயை உள்ளே விடுவதில்லை. டேசா பார்க்சிட்டி பூங்காவில் விடுவார்கள், ஆனால் அங்கே மற்ற நாய்க் கூட்டம் அதிகம். முதல் நாளுக்கு அது சரிப்படாது. காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வெயில் ஏறி தார் சுட ஆரம்பித்தால் எந்த நாயும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு நாய்க்கு ஒரு ஆள். மூன்றையும் ஒரே சமயம் கொண்டுபோகாதீர்கள். முதலில் டைகரும் மிலோவும். டைகரோடு ஒத்துப்போனபின் இன்னொரு நாள் ராணி. நேருக்கு நேர் நடந்து வர விடாதீர்கள். நாய் உலகத்தில் அது மரியாதைக் குறைவு. இரண்டும் ஒரே திசையில், சாலையின் இரு ஓரங்களில், பத்து மீட்டர் இடைவெளியில் நடக்கட்டும். முன்னால் போகிற நாய் விட்டுச்சென்ற மூத்திரத்தைப் பின்னால் வருவது மோந்து பார்க்க விடுங்கள், அப்புறம் முறை மாற்றுங்கள். இரண்டும் ஒன்றையொன்று முறைக்காமல் தரையை மோந்துகொண்டு, உடம்பு தளர்வாக நடந்தால் இடைவெளியைக் குறையுங்கள். கயிறு தொய்வாக இருக்க வேண்டும். நாம் பயந்து இறுக்கிப் பிடிக்கிற நிமிடத்தில்தான் நாயும் விறைக்கும். பக்கவாட்டில் வளைந்து வந்து பின்பக்கம் மோந்து பார்த்தால் மூன்று எண்ணிக் கூப்பிட்டுவிடுங்கள், நடை தொடரட்டும். மூஞ்சியோடு மூஞ்சி வைத்து நிற்க விடாதீர்கள். நன்றாகப் போனாலும் "இன்னும் கொஞ்ச நேரம் விளையாடட்டும்" என்று இழுக்க வேண்டாம். இப்படிச் சில நாள் சேர்ந்து நடந்தால் போதும்.

வீட்டுக்குள் நுழைவதைக் கூட ஏற்பாட்டோடு செய்யுங்கள். ராணியையும் டைகரையும் யாராவது வெளியே வைத்திருக்க, மிலோ வீட்டைச் சுற்றி மோந்து பார்க்கட்டும். பிறகு தனக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போகட்டும், கதவை மூடுங்கள். அதன் பின் மற்ற இரண்டும் உள்ளே வரட்டும். முதல் பத்துப் பதினான்கு நாள் மிலோவின் இடம் அந்த அறைதான். ஏதாவது நோயோடு வந்திருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

டெரஸ் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் நாயின் கண்ணால் பாருங்கள். முன்னால் கேட், கார் போர்ச், கிரில், கூடம், மாடிப்படி ஓரம் ஒடுங்கிய நடை, சமையலறை, பின்பக்கம் மீன் கழுவுகிற இடம். எங்கெல்லாம் ஒடுங்குகிறதோ அங்கெல்லாம் மோதல் வரும். ஒன்று விலக நினைத்தாலும் விலக இடமில்லை. போர்ச்தான் மோசம். உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் நின்றால், குப்பை லாரி வந்தால், தெருநாய் ஒன்று கேட்டருகே மெதுவாக நடந்தால், மூன்றும் பாய்ந்து கம்பிக்குள் மூஞ்சியை நுழைத்துக் குரைக்கும். வெளியே இருப்பதைக் கடிக்க முடியாது. அந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். இதற்கும் பொறாமைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் ஒருமுறை நடந்துவிட்டால் ராணிக்கும் மிலோவுக்கும் பகையாகிவிடும். முதல் இரண்டு மாதம் மூன்றையும் சேர்த்துப் போர்ச்சில் விடாதீர்கள். கேட்டின் கீழ்ப்பாதியை வெளியே தெரியாத பலகை வைத்து மறைத்தால் பாதிக் குரைப்பு குறையும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிம்மதி. நாய் பிடிக்காத, அல்லது மார்க்கத்தின்படி நாயைத் தொடாத குடும்பம் பக்கத்தில் இருந்தால் புது நாய் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புகார் வந்தபின் போய்ப் பேசுவதைவிட இது ரொம்பச் சுலபம்.

இடம் பற்றாது என்று மிலோவைப் போர்ச்சில் சங்கிலியில் கட்டுகிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். கட்டிய நாய் தப்பித்து விலக முடியாது. விலக முடியாத நாய்க்குத் தெரிந்த ஒரே வழி முந்திக்கொண்டு கடிப்பது.

சாப்பாடு மூன்றுக்கும் மூன்று இடத்தில், கதவு மூடி. பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள், காலித் தட்டுக்கும் சண்டை வரும். தண்ணீர் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். எலும்பு, கடிக்கிற பொம்மை எல்லாம் அவரவர் அறையில் மட்டும். "மூத்ததுக்கு முதலில் போட வேண்டும், அதுதான் மரியாதை" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தினமும் ஒரே வரிசை, ஒரே நேரம் என்றால் போதும். இதில் உங்கள் மாமியாரின் ஒத்துழைப்பு வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கையால் ஒரு வாய் ஊட்டுகிற பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. மூன்று நாய் மேசைக்கு அடியில் இருக்கும்போது ஒரு கோழித்துண்டு கீழே விழுந்தால் காலடியிலேயே சண்டை, கடிபடுவது அவர் காலாகக்கூட இருக்கலாம். "கூடாது" என்று சொல்வதைவிட, ராணிக்குத் தனியாக அவர் கையால் சாப்பாடு போடுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து கிரில்லுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் படுக்கவிடலாம். பிறகு கூடத்தில் பத்து நிமிடம், பொம்மை எதுவும் இல்லாமல், கயிறு தரையில் இழுபட. எல்லாம் அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இரண்டு நாய் இருந்தபோது வீட்டில் ஒரே உறவுதான். மூன்றாவது வந்தபின் மூன்று உறவு. டைகரும் மிலோவும் நண்பர்களாகிவிட்டார்கள் என்பதால் ராணியும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அவர்கள் இருவரும் ஓடி விளையாடும்போது ராணியின் இடுப்பில் மோதினாலே வயதான நாய்க்கு வலிக்கும், உறுமும். ராணிக்கு மூட்டுவலி இருக்கிறதா என்று வெட்டிடம் காட்டுங்கள். வலி குறைந்தாலே சில நாய்களின் கோபம் பாதியாகிறது. அவளுடைய படுக்கை, நடை நேரம், உங்கள் காலடியில் அவள் படுக்கும் இடம் எதுவும் மாறக் கூடாது.

முதல் வாரம் மிலோ விருந்தாளி மாதிரி அடக்கமாக இருக்கும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய வீட்டைத் தொலைத்த கலக்கத்தில் அது ஒடுங்கியிருக்கிறது. சாப்பிடாது, தூங்கிக்கொண்டே இருக்கும், எதற்கும் எதிர்ப்புக் காட்டாது. மூன்று வாரம் ஆனபின் "இது என் வீடு" என்ற தெம்பு வந்ததும்தான் சோபாவுக்கும் வாசலுக்கும் உங்கள் மடிக்கும் உரிமை கேட்கும். வீட்டுக்காரர்கள் தடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

"அடித்துக்கொண்டு யார் பெரியவர் என்று முடிவு பண்ணட்டும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1947-இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதில் தலைமைக்காக மோதும் ஓநாய்ப் படம் உருவானது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் அந்தக் கருத்தைப் பரவலாக்கினார். 1999-இல் அவரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். உங்கள் கூடத்தில் இருப்பது ஓநாயும் இல்லை, ஒரே குடும்பமும் இல்லை. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையைச் சுலபமாக்கும், அவ்வளவுதான் அதில் கிடைக்கிற முடிவு.

உறுமலைத் திட்டாதீர்கள். உறுமுகிற நாய் "தள்ளிப் போ" என்று வாயால் சொல்கிறது. திட்டித் திட்டி அதை நிறுத்தினால் சொல்லாமல் கடிக்கும். தலையைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது எல்லாம் அதற்கு முந்தைய படி. அப்போதே மற்ற நாயைச் சந்தோஷமான குரலில் கூப்பிட்டு விலக்கிவிடுங்கள். முன்னங்காலைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. முதுகு மயிர் சிலிர்ப்பது பரபரப்பு மட்டும்தான், கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அசைவில்லாமல் உறைந்து நிற்பதைக் கண்டு. வாய் மூடி, வால் விறைத்து நுனி மட்டும் துடிக்க, கண் எடுக்காமல் பார்த்தால் அடுத்த விநாடி பாய்ச்சல். வாலாட்டுகிறதே என்று அப்போது சும்மா இருந்துவிடாதீர்கள்.

மீறிச் சண்டை வந்துவிட்டால் கழுத்துப்பட்டையில் கை வைக்காதீர்கள். வீட்டுக்காரர்கள் கடி வாங்குவது பெரும்பாலும் அப்போதுதான். போர்ச்சில் தண்ணீர்க் குழாய் இருக்கும், முகத்தில் பீய்ச்சுங்கள். உள்ளே என்றால் ஒரு பலகை, பெரிய தட்டு, பிளாஸ்டிக் நாற்காலி எதையாவது நடுவில் நுழையுங்கள். பிரிந்ததும் தனித்தனி அறை, குறைந்தது ஒன்றிரண்டு நாள். பிறகு மறுபடி தெரு நடையிலிருந்து ஆரம்பியுங்கள். பல் பட்ட ஓட்டை வெளியே சிறியதாகத்தான் தெரியும், உள்ளே ஆழம் போயிருக்கும். மயிரை விலக்கித் தேடிப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் கவனிக்காமல் விட்ட காயத்தில் சீக்கிரமே புழு வைத்துவிடும். அன்றைக்கே வெட்டிடம் போங்கள். கடிபட்டது மனிதர் என்றால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்.

மூன்று மாதம் ஆன பிறகும் நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் மூன்றையும் ஒன்றாக விட்டுப் போகாதீர்கள். எவ்வளவு நண்பர்களாக இருந்தாலும் தனித்தனி அறை. அதில் எந்த நாய்க்கும் நஷ்டம் இல்லை, நீங்கள் இல்லாத நேரத்தில் அவை தூங்கத்தான் போகின்றன.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவராமல் போகலாம். தையல் போடுகிற அளவுக்குக் காயம் ஒருமுறைக்கு மேல் வந்தால், அல்லது சண்டையே இல்லாமல் ராணி சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே வாழ ஆரம்பித்தால், அந்த வீடு மிலோவுக்கான வீடு அல்ல. வேறு நாய் இல்லாத ஒரு வீட்டில் மிலோ ராஜகுமாரியாக இருக்கும். ஆகவே பழைய வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். இரண்டு மாதம் வெள்ளோட்டம், சரிவரவில்லை என்றால் வேறு வீடு கிடைக்கும்வரை மிலோ யாரிடம் இருக்கும், வெட் செலவு யாருடையது என்று. கொண்டோவுக்குச் சாமான் ஏற்றுகிற நாளுக்கு முந்தைய இரவு பேசுகிற பேச்சாக அது இருக்கக் கூடாது. அவர்கள் வீடு மாறுவதற்கு இன்னும் சில வாரம் இருந்தால் தெரு நடைகளையும் இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம்.